தலைப்பு என்ன வேலை செய்கிறது?

கீழே இருக்கும் பத்தியைப் படியுங்கள். நிதானமாக, ஒரே ஒரு முறை.

"முதலில் வெளியில் இருப்பதைச் சற்று விலக்கி, உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. பழகியவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். எடுத்ததை நிரப்பி, பகுதி பகுதியாக அமுக்கிப் பார்த்தால் கோளாறு எங்கே என்று அதுவே சொல்லும். ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது, இன்னொன்றும் இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்து, காய்ந்த பிறகு அங்கே மட்டும் தேய்க்க வேண்டும். தடவியதும் அவசரப்படக் கூடாது. பதம் வரும்வரை காத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியாக, மறுபடி உள்ளே வைப்பதற்கு முன்னால், வெளியில் இருந்ததன் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் நாளைக்கே முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்."

எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள். வாக்கியங்களும் சின்னச் சின்னவை. ஆனாலும் படித்து முடித்ததும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எதை நிரப்புவது? எதைத் தடவுவது? எதற்காகக் காத்திருப்பது? சிலர் பாதியிலேயே கண்டுபிடித்துச் சிரித்திருக்கலாம். மற்றவர்களுக்காக, பத்தியின் தலைப்பு இதோ: "சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது எப்படி?"

இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். வெளியில் இருப்பது டயர், உள்ளே இருப்பது டியூப். காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி கிளம்பும் இடம்தான் ஓட்டை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது லேசாக உலர்ந்த பிறகு ரப்பர் துண்டை வைத்து அழுத்த வேண்டும். டயருக்குள் விரலை ஓட்டிப் பார்ப்பது, குத்திய முள் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. பத்தியில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நான்கு சொற்கள் மேலே வந்து உட்கார்ந்தன, அவ்வளவுதான்.

இதே விளையாட்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜான் பிரான்ஸ்ஃபோர்டு, மார்சியா ஜான்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். 1972இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பத்தி துணி துவைப்பதைப் பற்றியது; ஆனால் துணி, சோப்பு என்ற சொற்களே அதில் வராது. அதைக் கேட்டவர்கள் மூன்று குழுவாக இருந்தார்கள். முதல் குழுவுக்கு அது எதைப் பற்றியது என்று சொல்லவே இல்லை. இரண்டாம் குழுவுக்குக் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். மூன்றாம் குழுவுக்குக் கேட்டு முடித்த பிறகு சொன்னார்கள். பத்தியில் மொத்தம் 18 கருத்துகள். ஒன்றும் சொல்லப்படாதவர்களுக்குச் சராசரியாக நினைவில் நின்றவை 2.82. முன்பே சொல்லப்பட்டவர்களுக்கு 5.83. பின்னால் சொல்லப்பட்டவர்களுக்கு? 2.65.

என்னைக் கேட்டால் இந்த மூன்று எண்களில் முக்கியமானது கடைசி எண்தான். தலைப்பு உதவும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் அதே தலைப்பைச் சில நிமிடம் தாமதமாகக் கொடுத்தால், கொடுக்காததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை என்பது அப்படி ஊகிக்கக்கூடியது அல்ல. கேட்டதையெல்லாம் முதலில் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக அர்த்தம் போடும் பழக்கம் மூளைக்கு இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் வந்த கணத்திலேயே போய் உட்கார ஓர் இடம் தேடுகிறது. இடம் இல்லாவிட்டால் நழுவிவிடுகிறது. பந்தியில் இலை போட்ட பிறகுதானே பரிமாறுகிறோம்? சாதத்தைக் கொட்டிய பிறகு இலையைக் கொண்டுவந்து என்ன பயன்?

அந்த இலை எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தலைப்பு அதைச் செய்து தருவதில்லை. வாசகரிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவை எடுத்து விரிக்கிறது. டியூப் என்ற ஒன்றையே பார்த்திராத, டியூப்லெஸ் டயர் காலத்துப் பிள்ளைக்கு என் தலைப்பு பாதி உதவிதான் செய்யும். சர்க்கரை நோய் பற்றி எழுதும் ஒருவர் "இன்சுலின் எதிர்ப்பு" என்று உள்தலைப்பு வைத்தால், அந்தச் சொல்லை அறியாத வாசகரிடம் விரிக்க எதுவும் இல்லை. "சர்க்கரை ஏன் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது?" என்று வைத்தால் இருக்கிறது.

## ஒரே அதிகாரப் பெயர், இரண்டு இடங்கள்

தலைப்புகள் தனியாக வேலை செய்வதில்லை. மேலே ஒன்று, அதன் கீழே ஒன்று, அதன் கீழே இன்னொன்று என்று அடுக்காக வேலை செய்கின்றன. இதற்கு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் உதாரணம் திருக்குறள். பால், அதற்குள் இயல், அதற்குள் அதிகாரம்.

"குறிப்பறிதல்" என்று ஓர் அதிகாரம் இருப்பது பலருக்குத் தெரியும். அதே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒன்று 71ஆம் அதிகாரம், பொருட்பாலில். இன்னொன்று 110ஆம் அதிகாரம், காமத்துப்பாலில். முதலாவதில் குறிப்பறிகிறவர் அமைச்சர். அரசன் வாய் திறந்து சொல்லும் முன்பே அவன் மனத்தில் ஓடுவதை முகத்திலிருந்து படிக்கிறார். இரண்டாவதில் குறிப்பறிகிறவன் காதலன். அவள் பார்வையில் இருப்பது நோயா மருந்தா என்று தவிக்கிறான்.

ஒருவரின் முகக்குறிப்பைக் கண்டே உள்ளத்தை உணர முடியாவிட்டால், உறுப்புகளுக்குள் கண் இருந்து என்ன பயன் என்று ஒரு குறள் கேட்கிறது. தனியாக ஒரு வாழ்த்து அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் யாரும் அதைக் காதல் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது 705ஆவது குறள், அரசவை சமாச்சாரம். அதிகாரத் தலைப்பு மட்டும் இருந்தால் இந்தக் குழப்பம் தீராது, ஏனென்றால் அது இரண்டுக்கும் பொது. அதற்கும் மேலே இருக்கும் பாலின் பெயர்தான் தீர்த்துவைக்கிறது. உள்தலைப்பைப் படிக்கும்போது வாசகர் அறியாமலே மேல் தலைப்பையும் சேர்த்துப் படிக்கிறார். மேல் தலைப்பு கண்ணிலிருந்து மறைந்துபோனால் என்ன ஆகும் என்பதைத் திரையைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

## நினைவில் என்ன தங்குகிறது

தலைப்பின் பயனைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்: படித்ததை நினைவுகூர்வது, தெரியாத கட்டுரையில் ஒரு தகவலைத் தேடுவது, முன்பு படித்த ஒன்றை மறுபடி போய் எடுப்பது. பிரிட்டனில் ஜேம்ஸ் ஹார்ட்லி, மார்க் ட்ரூமன் இருவரும் பள்ளி மாணவர்களை வைத்துத் தொடராகப் பல சோதனைகள் நடத்தி 1985இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றுக்குமே உள்தலைப்பு உதவியது. தலைப்பை ஓரத்தில் வைப்பதா பத்திக்கு மேலே வைப்பதா, கேள்வியாக எழுதுவதா வாக்கியமாக எழுதுவதா என்பதெல்லாம் அவர்கள் பயன்படுத்திய பாடங்களில் பெரிய மாற்றத்தைத் தரவில்லை. வடிவமைப்பாளர்கள் மணிக்கணக்கில் சண்டை போடும் விஷயம் அது என்பதால் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வாசகர்களும் ஒரே மாதிரி இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த யுக்கா ஹியோனா, அமெரிக்கரான ராபர்ட் லோர்ச் முதலானோர் 2002இல், ஒரு நீண்ட கட்டுரையைச் சுருக்கி எழுதுவதற்காகப் படித்தவர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். நான்கு வகை வாசகர்கள் தெரிந்தார்கள். வேகமாக நேரே படித்துக்கொண்டு போகிறவர்கள், மெதுவாக நேரே படிக்கிறவர்கள், எல்லா இடத்துக்கும் திரும்பத் திரும்பப் போகிறவர்கள். நான்காவது வகையினர் உள்தலைப்புகளில் கூடுதல் கவனம் செலுத்தி, கட்டுரையின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். மிகச் சிறந்த சுருக்கத்தை எழுதியவர்கள் அந்த நான்காவது வகையினர்தான். அவர்களுக்கு நினைவாற்றலும் சற்றுக் கூடுதலாக இருந்தது, அதனால் எல்லாப் புகழையும் தலைப்புக்கே கொடுத்துவிட முடியாது.

லோர்ச் குழுவினரின் இன்னொரு கண்டுபிடிப்பு எழுதுகிறவர்களுக்கு நேரடியாக உதவக்கூடியது. ஒரே கட்டுரையை மூன்று விதமாகத் தயாரித்தார்கள்: தலைப்பே இல்லாமல், எல்லாப் பகுதிக்கும் தலைப்போடு, பாதிப் பகுதிகளுக்கு மட்டும் தலைப்போடு. 2001இல் வெளியான அந்த ஆய்வில், பாதித் தலைப்புக் கட்டுரையைப் படித்த மாணவர்களின் சுருக்கங்களில் தலைப்பு உள்ள பகுதிகள் இடம்பிடித்த அளவுக்குத் தலைப்பு இல்லாத பகுதிகள் இடம்பிடிக்கவில்லை. தலைப்பு வைத்தால் அதன் கீழே இருப்பது முக்கியம் என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். தலைப்பு இல்லாததைத் தானாகவே ஒரு படி கீழே இறக்கிவிடுகிறார். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றது முகம் சுருங்குமே, அதுபோல.

நம் பள்ளிகளில் இந்தப் பாடம் கொஞ்சம் கோணலாகத்தான் சொல்லித்தரப்படுகிறது. பொதுக்கட்டுரை என்றால் குறிப்புச்சட்டகம், அதன் முதலில் "முன்னுரை", கடைசியில் "முடிவுரை". சைடு ஹெட்டிங் போட்டு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு இழுத்தால் திருத்துகிறவர் மனம் குளிரும் என்பது வகுப்புக்கு வகுப்பு கைமாறும் ரகசியம். ஆனால் "முன்னுரை" என்ற சொல் என்ன சொல்கிறது? கட்டுரை தொடங்குகிறது என்கிறது. அது முதல் வரியைப் பார்த்தாலே தெரியும். நீர் மேலாண்மை பற்றிய கட்டுரைக்கும் நூலகத்தின் பயன் பற்றிய கட்டுரைக்கும் ஒரே தலைப்பு பொருந்துகிறது என்றால், அது இரண்டுக்குமே இலை விரிக்கவில்லை என்று அர்த்தம்.

படிக்கிறவர் பக்கத்திலிருந்து இதைச் சரிசெய்ய ஒரு பழைய உத்தி இருக்கிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ராபின்சன் 1940களில் மாணவர்களுக்காக ஒரு படிப்பு முறையை வகுத்தார். அதன் இரண்டாவது படி: ஒவ்வொரு உள்தலைப்பையும் படிக்கும் முன் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் "மண் அரிப்பு" என்று இருந்தால், "மண் எதனால் அரிக்கப்படுகிறது?" என்று மனத்துக்குள் கேட்டுவிட்டுப் பத்திக்குள் நுழைய வேண்டும். பதிலைத் தேடிக்கொண்டு படிக்கும் கண்ணுக்குத் தூக்கம் வருவதில்லை.

## தலைப்பு ஏமாற்றும்போது

மேலே இருக்கும் பஞ்சர் பத்திக்கு வேறொரு தலைப்பு வைக்கிறேன்: "அறுவைச் சிகிச்சை அரங்கில் முதல் நாள்". வெளியில் இருப்பதை விலக்கி உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது நல்லது... வயிறு கலங்குகிறது, இல்லையா? "தேய்க்க வேண்டும்" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் இடறுகிறது. அதைக்கூட வாசகரின் மனம் எப்படியாவது சமாதானப்படுத்திக்கொள்ளும்.

இலை விரிப்பதற்கு ஒரு விலை உண்டு. எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதையும் தலைப்பே தீர்மானித்துவிடுகிறது. ஈலை கோஸ்மின்ஸ்கி 1977இல் ஒரே கட்டுரைக்கு வெவ்வேறு தலைப்பு வைத்துக் கொடுத்துப் பார்த்தார். படித்தவர்கள் நினைவிலிருந்து எழுதியவை, அவரவருக்குக் கிடைத்த தலைப்பு எந்தப் பக்கத்தை வலியுறுத்தியதோ அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன. எல்லோரும் படித்தது ஒரே கட்டுரைதான்.

செய்தித் தலைப்பில் இது ஆபத்தாகிறது. ஆஸ்திரேலியாவில் உல்ரிச் எக்கர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், செய்தியின் உடல் சரியாக இருந்தும் தலைப்பு லேசாகத் திசைதிருப்பினால், முழுச் செய்தியையும் படித்தவர்களின் நினைவும் ஊகமும்கூட அதனால் பாதிக்கப்படுவதைக் காட்டினார்கள். "உள்ளே சரியாகத்தானே எழுதியிருக்கிறோம்" என்ற ஆசிரியரின் சமாதானம் அதனால் செல்லாது. தலைப்பு பரிமாறியதைத் திரும்ப எடுக்க, கீழே பத்துப் பத்தி எழுதினாலும் போதாமல் போகலாம்.

## தாளிலிருந்து திரைக்கு

புத்தகத்தில் தலைப்பு தவிர வேறு துணைகளும் வாசகருக்கு உண்டு. கையில் இருக்கும் கனம், எவ்வளவு முடிந்தது எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறது. "இடதுபக்கத்தில், கீழே, ஒரு படத்துக்குப் பக்கத்தில் படித்தேன்" என்று இடத்தோடு சேர்த்து நினைவு வருகிறது. பக்கத்தின் உச்சியில் இயலின் பெயர் அச்சாகியிருக்கும். திரையில் இவை எதுவும் இல்லை. எல்லாம் ஒரே நீளமான சுருள். இப்போது பார்த்த வரி, விரலை நகர்த்தினால் வேறு இடத்தில் இருக்கும். செல்போனில் ஒரு பெரிய பத்தி திரையை அடைத்துக்கொண்டால் எந்தத் தலைப்புமே கண்ணில் படாது. குறளில் பால் மறைந்த கதைதான்.

அதோடு திரையில் படிக்கிறவர் பெரும்பாலும் படிப்பதில்லை, மேய்கிறார். இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997லேயே இதை எழுதினார்: அவரது குழு சோதித்தவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காடு. 2006இல் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்தபோது, மேலே இரண்டு வரி குறுக்காகவும் பிறகு இடது ஓரமாகக் கீழ்நோக்கியும் பார்வை போவது தெரிந்தது. ஆங்கில எழுத்து எஃப் வடிவம் என்று அது பிரபலமானது. நல்ல உள்தலைப்புகள் உள்ள பக்கத்தில் மட்டும் வேறொரு பழக்கம் தென்படுகிறது: கண் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி, தேவையானதைக் கண்டதும் அங்கே இறங்கிப் படிக்கிறது. வேண்டாததைத் தாண்டிப் போக உதவுவதும் தலைப்பின் வேலைதான். எழுதியவருக்கு வருத்தமாக இருக்கலாம்.

இடது ஓரமாகக் கண் போகிறது என்றால், தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்களே அதிகம் பார்க்கப்படும். தமிழில் இது நமக்குச் சாதகம். நம் தொடர்களில் பேசுபொருள் பெரும்பாலும் முன்னால் வருகிறது. கெட்டுப்போவது வால் பக்கம். "நீரிழிவு நோயாளிகள் பாதங்களைப் பேண வேண்டியதன் அவசியம் குறித்த ஒரு பார்வை" என்பதில் "பாதங்களைப் பேண" என்பதற்குப் பிறகு வருவதை வெட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்? "ஒரு பார்வை", "சில சிந்தனைகள்", "ஓர் அலசல்" எல்லாம் மேடைப் பேச்சின் மிச்சம். அதே நேரத்தில், தேடுபொறி வழியாக வருகிறவர் கட்டுரையின் நடுவில் வந்து குதிக்கக்கூடும் என்பதால் மிகையாகவும் வெட்டக் கூடாது. புத்தகத்தில் "பக்கவிளைவுகள்" போதும். இணையத்தில் "மெட்ஃபார்மின்: பக்கவிளைவுகள்" என்று எழுதினால்தான் குதித்தவருக்குத் தரை தெரியும்.

ஆங்கிலத்தில் தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தாகவோ, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கியோ காட்டிவிடலாம். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. அளவும் தடிப்பும் வெற்றிடமும்தான் நமக்கு இருக்கும் கருவிகள். தடிப்பை அதிகமாக்கினால் சிறிய அளவில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. தலைப்பு இரண்டு வரிக்கு ஓடினால், மேல்வரியின் ஊகாரக் கீற்றும் கீழ்வரியின் ஈகாரக் கொக்கியும் முட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்துக்கென்று வகுத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் இதுதான் நடக்கும். தலைப்புக்கு மேலே உள்ள வெற்றிடம் கீழே உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் சமமாக இருந்தால் தலைப்பு முந்திய பத்தியின் வாலா, அடுத்த பத்தியின் தலையா என்று தெரியாமல் நடுவில் தொங்கும். நம் இணைய இதழ்கள் பலவற்றில் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

## கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் போதாது

இணையப் பக்கங்கள் எழுதப்படும் ஹெச்.டி.எம்.எல். மொழியில் தலைப்புக்கென்றே ஆறு நிலைகள் உண்டு, ஹெச்1 முதல் ஹெச்6 வரை. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் பார்ப்பதற்குத் தலைப்பு போலவே இருக்கும். ஆனால் கணினிக்கு அது வெறும் பத்திதான்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ., ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 முதல் 6 வரையிலான எண்களை அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்புகளுக்குத் தாவும். பார்வையுள்ளவர் கண்ணால் மேய்வதை அவர்கள் விரலால் செய்கிறார்கள். இணையத்தை எல்லோருக்கும் எட்டச் செய்ய உழைக்கும் வெப்எய்ம் அமைப்பு, திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களிடம் எடுத்து 2024இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நீண்ட பக்கத்தில் ஒரு தகவலைத் தேட முதலில் தலைப்புகள் வழியாகவே போவதாகச் சொன்னவர்கள் 71.6 விழுக்காடு. நாம் தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால், அடுத்த தலைப்பு ஏதுமில்லை என்று கருவி சொல்லிவிடும். பிறகு மேலிருந்து கீழ்வரை வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேர்டில் எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்கு. "ஹெடிங் 1", "ஹெடிங் 2" பாணிகளைப் பயன்படுத்தினால் பொருளடக்கம் தானாக உருவாகும். ஓரத்தில் தலைப்புகளின் பட்டியல் வரும், சொடுக்கிய இடத்துக்குப் போகலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் நீளமான கட்டுரைகளுக்கு வரும் பொருளடக்கமும் யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்ததல்ல, தலைப்புகளிலிருந்து தானாக வருவது. முந்நூறு பக்க ஆய்வேட்டுக்குக் கையால் பொருளடக்கம் அடித்து, கடைசி நாளில் பக்க எண்கள் மாறிப்போய் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு பக்கக் கடிதத்துக்கும், ஒரே மூச்சில் ஓடும் கதைக்கும் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஐந்து வரிக்கு ஒரு தலைப்பு வைத்தால் வாசகர் படிக்கட்டில் நின்று நின்று ஏறுவதுபோல் ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையில் ஐந்து உள்தலைப்புகள் இருக்கின்றன. ஒரு விஷயத்துக்கு மட்டும், தனித்தலைப்பு பெறும் தகுதி இருந்தும், வைக்காமல் இன்னொன்றின் கீழே செருகிவிட்டேன். மேலே போய்ப் பார்க்காமல் அது எது என்று சொல்ல முடிகிறதா?